செய்தி வழியில் மாறுகிறதா? வானொலி ரிலே தொண்டர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இந்த வழிமுறை, ஹாம் வானொலி அனுமதிப்பத்திரம் பெற்று, 4எஸ் என்று தொடங்கும் கோல் சைனுடன் (நிலையத்தின் அடையாளக் குறியுடன்) வானலையில் பேசிப் பழகி, இப்போது அனர்த்த காலத்தில் பிறருடைய செய்திகளை ஒரு நிலையத்திடம் வாங்கி அடுத்த நிலையத்திடம் ஒப்படைக்கும் ரிலே பணிக்குத் தொண்டராக முன்வந்திருப்பவர்களுக்கு உரியது. செட்டை இயக்கும் விதத்தை இங்கே விளக்கப்போவதில்லை. திருகோணமலையில் பயிற்சி நெட்களில், அதாவது பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் அமர்வுகளில், அமர்ந்து நான் கண்ட அளவில், பழுதுபட்டுச் சேர்ந்த செய்திகளில் பெரும்பாலானவை அன்ரனாவில் பழுதுபட்டவை அல்ல; கடுதாசியிலும் வாயிலும் பழுதுபட்டவை. ஆகவே கடுதாசியில் தொடங்கி, வாய்க்கு வந்து, கடைசியில் வயருக்குப் போகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

படிவத்தைப் பற்றி ஒரு சொல். செய்தி இலக்கம், முன்னுரிமை, தொடங்கிய நிலையத்தின் கோல் சைன், சொற்கணக்கு, தொடங்கிய இடம், நேரம், திகதி ஆகியவை தலைப்பில் வரும். பிறகு பெறுநர், வாசகம், அனுப்புநர். வாசகம் 25 சொற்களுக்குள் அடங்குவது நல்லது. ஒரே தாவலில் செய்தி தூரம் போகாத காலத்தில், 1914இல் ஹைராம் பெர்சி மாக்சிம் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் தன் பெயரிலேயே ‘ரிலே’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. நாம் இன்று நிரப்பும் படிவமும் அந்த வழி வந்ததுதான்.

அறிகுறி: சொற்கணக்கு ஒத்துவரவில்லை

அனுப்பியவர் 13 என்கிறார். நீங்கள் எழுதியதை எண்ணினால் 15 வருகிறது. ஆங்கிலச் செய்தியில் இப்படி நேர்ந்தால் ஏதோ ஒரு சொல் விடுபட்டிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது என்று பொருள். தமிழ்ச் செய்தியில் அப்படி உடனே முடிவு கட்டக்கூடாது. இந்த வாசகத்தைப் பாருங்கள்:

மூதூர் முகாமில் 38 குடும்பங்கள் உள்ளன
எக்ஸ் குடிநீர் இல்லை எக்ஸ் பாதை
மூடப்பட்டுள்ளது படகு அனுப்பவும்

வரிக்கு ஐந்து சொல்லாக எழுதினால் எண்ணுவது எளிது: ஐந்து, ஐந்து, மூன்று, ஆக 13. முற்றுப்புள்ளிக்குப் பதிலாக வரும் எக்ஸும் ஒரு சொல்லாகவே எண்ணப்படும். இதையே வானலையில் கேட்டு எழுதுபவர் ‘குடி நீர்’ என்று இரண்டாகவும், ‘மூடப்பட்டு உள்ளது’ என்று இரண்டாகவும் எழுதிவிட்டால் 15 ஆகிவிடும். ஒரு சொல்லும் தவறவில்லை, பொருளும் மாறவில்லை. நம் மொழி சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுத இடம் கொடுக்கிறது, காது அந்த இடைவெளியைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இந்நிலையில் செய்தி முழுவதையும் மீண்டும் கேட்பது நேரத்தை வீணாக்கும். அனுப்பியவர் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் வரிவரியாகச் சொல்லட்டும்: மூ, மு, 38, கு, உ, எக்ஸ், கு, இ, எக்ஸ், பா, மூ, ப, அ. இரண்டாவது வரியில் ‘கு’வுக்குப் பிறகு உங்கள் தாளில் ‘நீ’ இருக்கிறது, அவர் ‘இ’ என்கிறார். அங்கேயே முதல் முரண் பிடிபட்டுவிடுகிறது. இரண்டாவது முரண் மூன்றாவது வரியில் ‘மூ’வுக்கு அடுத்து வரும் ‘உ’வில் கிடைக்கும். அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

எண்ணிப் பார்த்ததில் தொடங்கிய நிலையமே தவறாக எண்ணியிருந்தால், பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதாதீர்கள். பழையதை வைத்து, சாய்கோடு இட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, ‘12 சாய்கோடு 13’ என்றே அடுத்த நிலையத்துக்குச் சொல்லுங்கள். பின்னால் யாராவது இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது, திருத்தம் வழியில் நடந்தது என்பது தாளிலேயே தெரிய வேண்டும். கணக்கு ஒத்துவரும் வரைக்கும் ‘ரோஜர்’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ‘கேட்டேன்’ என்று பொருள் இல்லை; ‘முழுவதும், எழுத்துப் பிசகாமல் பெற்றுவிட்டேன், இனி இதற்கு நான் பொறுப்பு’ என்று பொருள். மரியாதைக்காக ரோஜர் சொல்லும் பழக்கம் எம்மவரிடம் அதிகம். இதை நான் கடுமையாகவே சொல்வதுண்டு.

அறிகுறி: கணக்கு ஒத்துவருகிறது, பொருள் தலைகீழாகிவிட்டது

இது சொற்கணக்கில் பிடிபடாத பிழை. ஆகவே மிகவும் ஆபத்தானது. ‘படகு அனுப்ப வேண்டும்’ என்பதற்கும் ‘படகு அனுப்ப வேண்டாம்’ என்பதற்கும் இடையில் இருப்பது ஓர் உயிரொலி மட்டுமே. அலை மங்கி எழும்பும் ஒரு நொடியில் அந்த உயிரொலி விழுங்கப்பட்டால், கேட்பவர் தனக்குப் பொருத்தமாகத் தோன்றுவதை எழுதிவிடுவார். சூழ்நிலை வெள்ளம் என்றால், மனம் தானாகவே ‘வேண்டும்’ என்றுதான் நிரப்பும்.

செய்தியை முதலில் எழுதி வாங்கும் இயக்குநர், அனுப்புபவர் எதிரில் இருக்கும்போதே ‘வேண்டாம்’ என்பதை மாற்றி எழுதும்படி கேட்க வேண்டும். ‘படகு தேவையில்லை’, ‘படகை நிறுத்தவும்’ ஆகிய தொடர்களில் மறுப்பு முழுச் சொல்லாக நிற்கிறது. ஆனால் செய்தி தொடங்கிய பிறகு நடுவழியில் இருக்கும் ரிலே இயக்குநருக்கு இந்த உரிமை கிடையாது. அவர் செய்யக்கூடியது, அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லி, எழுத்துக்கூட்டி, எதிர்நிலையத்தைத் திருப்பிச் சொல்லவைப்பது மட்டுமே. வாசகத்தில் வெளிப்படையான பிழை இருப்பதாகத் தெரிந்தாலும் வந்தபடியே கடத்திவிட்டு, தொடங்கிய நிலையத்துக்குத் தனியாக ஒரு வினாச் செய்தி அனுப்புங்கள். கெட்டிக்காரர்கள்தான் இங்கே அதிகம் வழுக்குகிறார்கள்.

அறிகுறி: தொலைபேசி இலக்கம் பிழையாகப் போகிறது

எண்களைச் சேர்த்துச் சொல்வதுதான் காரணம். ‘எழுபத்தேழு’, ‘எழுபத்தெட்டு’ ஆகிய இரண்டையும் இரைச்சலில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘தொண்ணூறு’, ‘தொள்ளாயிரம்’ ஆகியவையும் அப்படியே. ஒவ்வோர் இலக்கமாக, எழுத்துவழக்கில் சொல்லுங்கள்: நாலு என்று சொன்னால் முதல் மெய் கரைந்து ஆறு என்று கேட்கக்கூடும், நான்கு என்று சொன்னால் கேட்காது. பூச்சியத்துக்கு நெட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். திருகோணமலை நிலையான தொலைபேசி இலக்கத்தை 026, பிறகு மூன்று, பிறகு நான்கு என்று பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் சிறிது நிறுத்துங்கள்.

நிறுத்துவது என்றதும் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் பலர் சொற்களை இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள், அதில் பயனில்லை. நீங்கள் அனுப்பும்போதே ஒரு வெற்றுத்தாளில் நீங்களும் அதே சொற்களை எழுதிக்கொண்டு பேசுங்கள். எதிரில் இருப்பவரின் கையும் உங்கள் கையும் ஒரே வேகத்தில் நகரும்.

அறிகுறி: பெயர் வேறொருவருடையதாகிவிடுகிறது

கொழும்பு வரை போகும் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. இடையில் எடுக்கும் சிங்கள நண்பருக்கு நம் பெயர்கள் பழக்கமில்லை. தேவி என்ற பெயரை டி எழுத்திலும் தொடங்கலாம், டிஎச் எழுத்திலும் தொடங்கலாம். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது என்பதே விடை. ஆகவே பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டுகிறேன் என்று அறிவித்து, அல்பா, பிராவோ என்ற ஒலியெழுத்து முறையில் கூட்டி, மீண்டும் பெயரைச் சொல்லுங்கள்.

முதலெழுத்தை வெறுமனே சொல்லவே கூடாது. ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) முறையில் பேசும்போது செட்டின் குரல் வடிகட்டியில் ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹேர்ட்ஸ் வரையான ஒலிதான் தேறுகிறது. எஸ்ஸையும் எஃப்பையும் வேறுபடுத்தும் உரசொலி அதற்கு மேலே இருப்பதால், அது எதிர்ப்பக்கத்துக்குப் போவதே இல்லை. சத்தமாகச் சொன்னாலும் போகாது. சியரா என்றும் ஃபொக்ஸ்ட்ரொட் என்றும் சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை. எம், என் ஆகியவற்றுக்கும் இதே விதி.

அறிகுறி: செய்தி புறப்படுவதற்கு முன்பே சேர்ந்ததாகக் காட்டுகிறது

ஒருவர் இலங்கை நேரத்திலும் மற்றவர் உலகப் பொது நேரத்திலும் எழுதியிருக்கிறார். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. நள்ளிரவு முதல் காலை 5.30 வரை திகதியே வேறு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அதன் பிறகு, நம் கணக்கில் 3ஆம் திகதி அதிகாலை 2.00 மணிக்கு எழுதப்பட்ட செய்தி ஒன்று உலகப் பொது நேரத்தில் 2ஆம் திகதி 20.30 ஆகும். நெட் முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுங்கள். எந்த நேரம் என்பதைப் படிவத்திலும் எழுதுங்கள். செட்டின் மேலே உலகப் பொது நேரத்துக்கு வைத்த மலிவான கடிகாரம் ஒன்றை ஒட்டிவிட்டால் இந்த அறிகுறி மீண்டும் வராது.

அறிகுறி: பகலில் கேட்ட கொழும்பு இரவில் காணாமல் போகிறது

இதில் உங்கள் செட்டுக்குப் பழுதில்லை. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் நேர்கோட்டில் சுமார் 235 கிலோமீற்றர் இருக்கிறது. 7 மெகாஹேர்ட்ஸ் தரையலை அவ்வளவு தூரம் நிலத்தின் மேல் போகாது. வானுக்குச் செங்குத்தாக ஏறி, அயன மண்டலத்தில் பட்டு, மழைபோல் நேரே கீழே இறங்க வேண்டும். பகலில் அந்த மண்டலம் 7 மெகாஹேர்ட்ஸைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். நள்ளிரவுக்குப் பின் அடர்த்தி குறைந்தால், செங்குத்தாகப் போன அலை துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். சாய்வாகப் போனது மட்டும் தூரத்தில் இறங்கும். வட இந்திய நிலையங்கள் காதைக் கிழிக்க, கொழும்பும் மட்டக்களப்பும் ஓசையின்றி இருப்பது இதனால்தான்.

பரிகாரம் வலுவைக் கூட்டுவது அல்ல, அலைவரிசையை இறக்குவது. சர்வதேச ஹாம் வானொலிப் பிரிப்பில் நமது வலயமான மூன்றாம் வலயத்தில் அனர்த்தத் தொடர்புக்கான மைய அலைவரிசைகளாக 3.600, 7.110, 14.300 மெகாஹேர்ட்ஸ் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. பகலில் 7.110, பொழுது சாய்ந்தபின் 3.600 என்று நெட் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள். பகலில் 3.600இல் உட்கார்ந்தால் அயன மண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அன்ரனா உயரத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. உவர்மலையில் நின்று 144 மெகாஹேர்ட்ஸில் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரைக் கூப்பிட்டவர்கள், உயரம் நல்லது என்று பழகிவிடுகிறார்கள். அங்கே அது உண்மை. கடலுக்கு மேல் தடையில்லாத நேர்ப்பார்வை அது. ஆனால் 7.110, 3.600 போன்ற எச்எஃப் அலைவரிசைகளில், கொழும்புக்கு, செங்குத்தாக நிறுத்திய கம்பி அன்ரனா கெடுதலே செய்யும். அது அலையை அடிவானத்தை நோக்கி அனுப்புகிறது. இரண்டு தென்னைகளுக்கு இடையில் ஐந்து முதல் எட்டு மீற்றர் உயரத்தில் கிடையாகக் கட்டிய இருமுனைக் கம்பி போதும். 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் கிடைக்கும்: 7.110க்கு 20.1, 3.600க்கு 39.7. ஒரு முனையை மரத்தில் இறுக்கிக் கட்டாமல், கப்பியில் கயிற்றை ஓட்டி, நுனியில் ஒரு செங்கல்லைத் தொங்கவிடுங்கள். வாடைக்காற்றில் தென்னை ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறாது.

அறிகுறி: பேசத் தொடங்கியதும் செட் அணைகிறது, அல்லது குரல் நடுங்குகிறது

பேசும்போது செட்டின் மின் இணைப்பு முனையிலேயே வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். பற்றரியில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியாது. 13.8 வோல்ட்டுக்கு அமைந்த செட்கள் பொதுவாக 15 வீதம் கீழே, அதாவது 11.7 வோல்ட் வரை பொறுக்கும். நூறு வாட்டில் குரல் உச்சத்தில் 20 அம்பியர் இழுக்கும்போது, வீட்டுச் சுவர்ச் செருகிக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஐந்து மீற்றர் போய் வந்தால், வயரிலேயே 1.4 வோல்ட் போய்விடும். பற்றரியைச் செட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது மாற்று வயர் தேடுவதைவிட எளிது.

அதுவும் போதவில்லையென்றால் 25 வாட்டுக்கு இறங்குங்கள். எதிர்ப்பக்கத்தில் அலையின் வலுவைக் காட்டும் மீட்டரில் ஓர் எஸ் அளவு, அதாவது ஒரு படிதான் குறையும். பற்றரி இரவு முழுவதும் தாங்கும்.

வோல்ட் குறையவில்லை, ஆனாலும் குரல் கரகரக்கிறது என்றால், அன்ரனாவைக் கழற்றிவிட்டு, ஆற்றலை வானில் விடாமல் வெப்பமாக்கிவிடும் போலிச் சுமையை இணைத்துப் பாருங்கள். அப்போது குரல் தெளிந்தால், வானலை ஆற்றல் மைக் வயருக்குள் திரும்பி வருகிறது. கேபிளை அன்ரனாவின் அருகில் பத்துச் சுற்றாகச் சுருட்டிக் கட்டுவது பெரும்பாலும் போதும். தெளியவில்லையென்றால் மைக்கையே சந்தேகியுங்கள்.

அறிகுறி: மீட்டர் நன்றாகக் காட்டுகிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

இது நம் கடற்கரைக்கே உரிய நோய். உப்புக்காற்று இணைப்பியின் செம்பைப் பச்சையாக்கும். மாரி மழை அந்த வழியாகக் கேபிளுக்குள் இறங்கும். தொடக்கத்தில் மழை பெய்தால் நிலையலை விகிதம் (அனுப்பிய ஆற்றல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். அப்போதே கவனித்தால் பிழைக்கலாம். முழுவதும் ஊறிய கேபிள் அதைவிடத் தந்திரமானது: அது ஆற்றலைத் தானே குடித்துவிடுவதால் திரும்பி வருவதற்கு எதுவும் இருக்காது, மீட்டர் 1.2 என்று அழகாகக் காட்டும்.

சோதனை எளிது. அன்ரனாவின் முனையில் கேபிளைக் கழற்றி வெறுமையாகத் தொங்கவிட்டு, செட்டின் பக்கத்தில் அன்ரனா பகுப்பாய்வுக் கருவியால் அளந்து பாருங்கள். நல்ல கேபிள் மிக உயர்ந்த விகிதத்தைக் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று என்று காட்டினால் அந்தக் கேபிளை வீசிவிடுங்கள், காயவைத்துப் பயனில்லை. புதியதைக் கட்டும்போது, தானே ஒட்டும் றப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், கூரை ஓடு அடுக்குவதுபோல. இணைப்புக்குக் கீழே கேபிளைச் சிறிது தொங்கலாக வளைத்து விட்டால், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இரைச்சல் மட்டும் அதிகமாக இருந்தால், பற்றரியில் செட்டை ஓடவிட்டு வீட்டின் பிரதான ஆளியை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி உங்கள் எல்இடி விளக்கோ தொலைபேசிச் சார்ஜரோதான். விழாவிட்டால் அயலவரின் சோலார் இன்வேட்டராக இருக்கலாம். அதற்கு வேண்டியது மீட்டரல்ல, நல்லுறவு.

அறிகுறி: செய்திகள் குவிகின்றன, முக்கியமானவை நகரவில்லை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, வானொலிப் பயணத்துக்காக அந்தமானின் போர்ட் பிளேயருக்குப் போயிருந்த தில்லியின் பாரதி பிரசாத், அங்கிருந்தே செய்திகளைக் கரைக்குக் கடத்தினார். அவரிடம் இருந்ததும் இதே நெருக்கடிதான்: வெளியே போக வேண்டியவை ஒரு பக்கம், ‘என் ஆட்கள் எப்படி?’ என்று வெளியிலிருந்து வரும் விசாரிப்புகள் மறுபக்கம். முன்னுரிமைக் கட்டத்தைச் சரியாக நிரப்புவதே மருந்து. உயிராபத்து முதலில், அவசரம் அடுத்து, அனர்த்தப் பகுதியிலிருந்து வெளியே போகும் நலச்செய்தி அதன் பின், உள்ளே வரும் விசாரிப்பு கடைசியில். முகாமிலிருந்து வெளியே போகும் ஒரு நலச்செய்தி, வரவிருக்கும் பல விசாரிப்புகளைத் தேவையற்றதாக்கிவிடும்.

வெளிநாட்டுக்கு மூன்றாமவர் செய்தியைக் கொண்டு செல்ல, சர்வதேச வானொலி ஒழுங்குவிதி அனர்த்தம், நிவாரணம் ஆகிய சந்தர்ப்பங்களில் இடமளிக்கிறது. சாதாரண நாட்களில் உங்கள் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

அறிகுறி: செய்தி வந்துவிட்டது, உரியவரிடம் கொடுக்க முடியவில்லை

நிலாவெளியில் ஓர் அம்மாவுக்கு அவருடைய மகன் நலமாக இருக்கிறார் என்ற செய்தியை ஒருமுறை தொலைபேசியில் சொல்ல முயன்றேன். “தம்பி, காசு கேட்டுத்தானே எடுக்கிறீங்கள்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவரில் பிழையில்லை, நான் ‘செய்தி இலக்கம் 14’ என்று தொடங்கியிருந்தேன். இரண்டாம் முறை, “அம்மா, நான் காசு கேட்க எடுக்கவில்லை, உங்கட மகன் வானொலியில் ஒரு செய்தி சொல்லிவிட்டிருக்கிறார், ஒரு பேனை எடுங்கோ” என்று தொடங்கினேன், கேட்டு எழுதிக்கொண்டார். தலைப்பை வாசிக்காதீர்கள். யாரிடமிருந்து என்பதை முதலில் சொல்லி, வாசகத்தை இருமுறை வாசித்து, மறுமொழி உண்டா என்று கேளுங்கள்.

மரணச் செய்தியைத் தொலைபேசியில் நீங்கள் சொல்ல வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடமோ, குடும்பம் மதிக்கும் ஒரு பெரியவரிடமோ எழுத்தில் கொடுத்து, நேரில் போகச் சொல்லுங்கள்.

ஆள் இடம்பெயர்ந்திருந்தால், படிவத்தை மேசையில் வைத்துக் காத்திருக்காதீர்கள். ‘உங்கள் 14 ஒப்படைக்கப்படவில்லை, முகவரியில் ஆள் இல்லை’ என்று தொடங்கிய நிலையத்துக்கு அன்றே ஒரு சேவைச் செய்தி போக வேண்டும். பதிவேட்டில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே யாரிடம் வாங்கியது, யாரிடம் கொடுத்தது, எத்தனை மணிக்கு என்ற மூன்று கட்டங்களும் நிரம்பும்வரை அந்த வரியை மூடாதீர்கள். மறுநாள் காலை நெட் கூடும்போது, கட்டுப்பாட்டு நிலையம் திறந்திருக்கும் வரிகளைத்தான் முதலில் கேட்கும்.